மலையேறும் கார் ரேஸுக்கு முதல் கார் வாங்கணுமா? திருச்சியிலிருந்து கிளம்பும் முன் இதைப் படிங்க!

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20. துறையூர் பக்கம் திரும்பினால் பச்சைமலை. திருச்சியில் கார் ஓட்டுவதில் ஆர்வமுள்ள யாரிடம் கேட்டாலும் இந்த மூன்று மலைகளில் ஏதாவது ஒன்றில் ஏறிய கதை இருக்கும். "மாப்ள, நான் ஏறின நேரத்துக்கு எவனும் ஏற முடியாது" என்ற சவாலும் கூடவே வரும்.

போதாக்குறைக்கு, 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஸ்ட்ரீட் ரேஸ் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அதன் பிறகு "நாமளும் ஒரு பழைய காரை வாங்கி ரேஸ் ஓட்டினா என்ன?" என்ற கேள்வி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

ஓட்டலாம். கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் காரைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலானவர்கள் கேட்பது "எந்த கார் வேகமா போகும்?" என்ற கேள்வி. கேட்க வேண்டியதோ, "எந்த கார் நொறுங்கினாலும் என் குடும்பம் நொறுங்காது?" என்ற கேள்வி. அந்தக் கணக்கைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

ஹில் கிளைம்ப் என்றால் என்ன?

மலைச்சாலையின் ஒரு பகுதியைப் பொதுப் போக்குவரத்துக்கு முழுவதுமாக மூடிவிடுவார்கள். கீழே ஸ்டார்ட், மேலே ஃபினிஷ். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஏறும். பக்கத்தில் முந்துவதற்கு யாரும் கிடையாது. எதிராளி கடிகாரம் மட்டும்தான். வழக்கமாக ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் கிடைக்கும். குறைந்த நேரத்தில் ஏறியவர் வெற்றி பெறுவார்.

இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் என்ற இடத்தில் 1905-லிருந்து இந்தப் போட்டி நடக்கிறது. அங்கே ஓட வேண்டிய தூரம் 1,000 கெஜம், அதாவது 914 மீட்டர்தான். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் இதற்கு நேர் எதிர். சுமார் 20 கி.மீ. தூரம், 156 திருப்பங்கள், கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டர் உயரத்தில் ஃபினிஷ். 1916-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் 2018-ல் ஒரு எலெக்ட்ரிக் கார் 7 நிமிடம் 57 விநாடிகளில் ஏறி சாதனை படைத்தது.

நமக்குப் பக்கத்தில் நடக்கிறதா?

பக்கத்திலேயே நடக்கிறது. இலங்கையின் நுவரெலியாவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்ப் 1930-களில் தொடங்கிய போட்டி. ஏப்ரல் மாத சீசனில் நடக்கும். பெரிய வெளிநாட்டு கார்கள் மட்டுமில்லாமல், சின்னப் பழைய கார்களுக்கென்று தனிப் பிரிவுகள் வைத்து ஓட்டுவது அந்த நாட்டு மோட்டார் ஸ்போர்ட்ஸில் சகஜம். குறைந்த செலவில் ரேஸ் ஓட்ட விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய மாதிரி இது.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே ராலியும் ட்ராக் ரேஸும் நடக்கிற அளவுக்கு ஹில் கிளைம்ப் வழக்கமாக நடப்பதில்லை. அதனால் மலைக்காக மட்டும் ஒரு கார் தயார் செய்தால், வருஷத்தில் பாதி நாள் அது ஷெட்டில்தான் நிற்கும். ஆட்டோகிராஸ், ராலி, ட்ராக் டே, ஹில் கிளைம்ப் என எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் காராக இருந்தால்தான் போட்ட காசுக்குப் பலன்.

திருச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 200 கி.மீ. தூரம்தான். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீள ட்ராக் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே போட்டிகளை நடத்துகிறது. கோவையிலும் சென்னையிலும் தேசிய ராலி சுற்றுகள் நடப்பதும் வழக்கம்.

ராத்திரி கொல்லிமலையில் ஏறிப் பார்த்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சட்டம். மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் மாட்டினால் ஓராண்டு வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம். 'ரேஸ்' மட்டுமில்லை, வேகத்தைச் சோதித்துப் பார்ப்பதும் இதே பிரிவில்தான் வருகிறது.  நள்ளிரவில் காவிரிப் பாலம் காலியாகக் கிடந்தாலும் இதே சட்டம்தான்.

இரண்டாவது இன்ஷூரன்ஸ். வழக்கமான கார் பாலிசியில், ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்குக் காப்பீடு கிடையாது என்று அச்சிட்டே இருக்கும். கார் அடிபட்டால் க்ளெய்ம் கிடைக்காது. எதிரில் வந்தவருக்கு ஏதாவது ஆனால், அந்த நஷ்ட ஈடும் உங்கள் தலையில் விழலாம்.

மூன்றாவது உயிர். மலைச்சாலையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. கொல்லிமலைப் பாதையில் அரசுப் பேருந்து வரும், மிளகும் வாழையும் ஏற்றிய வண்டி வரும், குழந்தையை முன்னால் உட்கார வைத்த பைக் வரும். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் நடந்த தேசிய ராலியில், போட்டிக்காக ஒதுக்கப்பட்ட சாலைக்குள் ஒரு பைக் நுழைந்துவிட்டது. ரேஸ் கார் மோதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 பேர் இறந்தார்கள். அனுமதி வாங்கி, ஆட்களை நிறுத்தி நடத்திய போட்டியிலேயே இப்படி நடந்தது. யாருமே காவலுக்கு நிற்காத மலைச்சாலையில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மலை ஏற கார் எப்படி இருக்கணும்?

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு 400-க்கும் மேற்பட்ட படிகள். வெறுங்கையோடு ஏறுவதும், தோளில் அரிசி மூட்டையோடு ஏறுவதும் ஒன்றா? சமதரையில் அந்த மூட்டை பெரிய பாரமாகத் தெரியாது. படியில் ஒவ்வொரு அடிக்கும் தெரியும். காருக்கும் இதே கதைதான்.

ஒரு சின்னக் கணக்கு. டிரைவரோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள கார் ஒன்று, ஒரு நிமிடத்தில் 100 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை ஜெயிக்க மட்டுமே அதற்குச் சுமார் 20 குதிரைத்திறன் தேவை. அதே வேலையை 1,200 கிலோ கார் செய்ய சுமார் 26 குதிரைத்திறன் வேண்டும். காரை வேகப்படுத்தவும், காற்றைக் கிழிக்கவும் தேவைப்படும் சக்தி இதற்கு மேல் தனி. 60 குதிரைத்திறன் உள்ள சின்ன காரில் இந்த 6 என்பது பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் மலையில் சக்தியை விட எடை முக்கியம்.

எடை குறைவாக இருந்தால் இன்னும் சில லாபங்கள் உண்டு. பிரேக் சீக்கிரம் சூடாகாது. டயர் மெதுவாகத் தேயும். தடுப்பில் மோதினாலும் அடியின் வேகம் குறையும்.

கவனிக்க வேண்டிய வேறு சில விஷயங்களும் இருக்கின்றன:

கியர்: கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும்போது பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாவது கியரில்தான் இருப்பீர்கள். 180 கி.மீ. டாப் ஸ்பீடால் அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை. குறைந்த வேகத்தில் சட்டென்று இழுக்கும் இன்ஜின்தான் வேண்டும்.

முன்சக்கர இழுவை: நம்ம ஊர் சின்ன கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும். வளைவில் ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் டயர் சும்மா சுற்றும், புகைதான் வரும். அதைத் தடுக்க விலை உயர்ந்த பாகங்கள் இருக்கின்றன. முதல் வருஷத்துக்கு நல்ல டயரும் பொறுமையான வலது காலும் போதும்.

டயர்: ட்ராக் ரேஸில் டயர் சூடேற சில சுற்றுகள் கிடைக்கும். ஹில் கிளைம்ப்பில் முதல் வளைவிலேயே டயர் பிடிக்க வேண்டும். அதனால் ஆறிப்போன நிலையிலும் பிடிப்பு தரும் புது டயர்தான் சரி. பட்டன் தேய்ந்த டயரோடு எந்த இன்ஜினை மாட்டினாலும் வீண்.

சரி, எந்த கார்?

1980-களின் கடைசியில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ஒரு காரியம் செய்தார். மாருதி 800-ன் இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். வெளிநாட்டு காருக்கு வழியில்லாத இளைஞர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. கோவையின் நரேன் கார்த்திகேயன் ரேஸ் பழகியது அந்த வகை காரில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவரதனின் பெயரைத்தான் செட்டிப்பாளையம் ட்ராக் தாங்கி நிற்கிறது.

ஆகவே "மாருதி வச்சு என்ன ரேஸ்?" என்று யாராவது கேட்டால் கவலைப்படாதீர்கள். கீழே உள்ளவை பழைய கார் சந்தையில் பார்க்கக்கூடியவை. எடையும் சக்தியும் மாடலுக்கு மாடல் மாறும், இவை தோராயமான அளவுகள்.

மாருதி 800: 796 சிசி, 3 சிலிண்டர், சுமார் 37 குதிரைத்திறன், சுமார் 650 கிலோ. 1983-லிருந்து 2014 வரை தயாரிக்கப்பட்டதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ரிப்பேர் தெரியாத மெக்கானிக் கிடையாது. வேகம் குறைவு என்பதே கற்றுக்கொள்பவருக்குப் பாதுகாப்பு.

மாருதி ஜென்: 993 சிசி, 4 சிலிண்டர், எம்பிஎஃப்ஐ மாடலில் சுமார் 60 குதிரைத்திறன், சுமார் 765 கிலோ. தரையோடு ஒட்டி நிற்கும் சின்ன கார், வளைவில் சுறுசுறுப்பு. 2006-க்குள் தயாரிப்பு நின்றுவிட்டதால் துருப்பிடிக்காத வண்டி கிடைப்பதுதான் கஷ்டம்.

மாருதி எஸ்டீம்: 1,298 சிசி, எம்பிஎஃப்ஐ மாடலில் சுமார் 85 குதிரைத்திறன், சுமார் 875 கிலோ. எடையையும் சக்தியையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு நிறைவு தருவது இதுதான். ஒரு காலத்தில் இந்திய ராலிகளில் நிறைய ஓடிய கார்.

ஆல்டோ கே10: 998 சிசி, சுமார் 67 குதிரைத்திறன், சுமார் 750 கிலோ. 2010-க்குப் பிறகு வந்தது என்பதால் ஆர்சி ஆயுள் மிச்சமிருக்கும் வண்டிகள் கிடைக்கும். உயரமாக நிற்பதும், ஒல்லியான டயரும் குறை.

மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல்: 2005-ல் 1,298 சிசி-யில் வந்தது, 2010-லிருந்து 1,197 சிசி. இரண்டுமே சுமார் 85 குதிரைத்திறன், சுமார் 1,000 கிலோ. உடல் கட்டு உறுதி. சஸ்பென்ஷன், பிரேக் பாகங்கள் எளிதாகக் கிடைக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் பலருக்கும் பொருத்தமான முதல் கார் இது.

ஹோண்டா சிட்டி 1.5 விடெக், ஃபோக்ஸ்வேகன் போலோ: இரண்டுமே இந்திய ராலியில் நன்றாகப் பெயர் எடுத்தவை. பழைய சிட்டி விடெக் 106 குதிரைத்திறன் தரும். ஆனால் பாகங்களின் விலை மாருதியோடு ஒப்பிட முடியாது. இவற்றை இரண்டாவது காராக வைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்க வேண்டாம்?

டீசல் கார் வேண்டாம். இழுவை நன்றாக இருக்கும், ஆனால் மூக்கில் எடை அதிகம். வளைவில் திரும்ப அடம்பிடிக்கும்.

ஜிப்ஸி மலைக்கு ஏற்ற வண்டிதானே என்று கேட்பீர்கள். மண் பாதையில் ஜிப்ஸிக்கு நிகர் இல்லை. ஆனால் தார் சாலை ஹில் கிளைம்ப்பில் அதன் உயரமே எதிரி. காய்ந்த தார் சாலையில் அதன் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டவும் கூடாது, கியர் அமைப்பு இறுகிக்கொள்ளும்.

ஏற்கெனவே யாரோ 'டியூன்' செய்த கார், பெரிய டர்போ போட்ட கார், இன்ஜின் மாற்றிய கார், இவை எல்லாமே கண்ணுக்கு அழகு. உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று விற்பவருக்கே முழுசாகத் தெரியாமல் இருக்கலாம். முதல் காருக்கு கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கும் வண்டிதான் நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியம்: வீட்டு காரை ரேஸ் கார் ஆக்காதீர்கள். அப்பா இஎம்ஐ கட்டும் கார், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் கார், அது நொறுங்கினால் ஒரு போட்டியோடு முடியாது. நாளைக்குக் காலையில் இந்த கார் இல்லையென்றாலும் வீடு வழக்கம்போல் நடக்குமா? "ஆமா" என்றால் மட்டும் அந்த காரை வாங்குங்கள்.

எவ்வளவு காசு? கால் பங்குக் கணக்கு

கையில் உள்ள மொத்தப் பணத்தையும் காருக்குக் கொடுத்துவிட்டு, "ஹெல்மெட் அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று சொல்பவர்கள் ரொம்பப் பேர். அதைத் தவிர்க்க எளிய வழி, பணத்தை நான்காகப் பிரிப்பது.

முதல் கால் பங்கு: கார்.
இரண்டாவது கால் பங்கு: காருக்குள் பாதுகாப்பு. ரோல் கேஜ், ரேஸ் சீட், பெல்ட், தீயணைப்பான்.
மூன்றாவது கால் பங்கு: உங்கள் உடம்பின் பாதுகாப்பு. ஹெல்மெட், கழுத்துப் பாதுகாப்பு, தீப்பிடிக்காத உடை, கையுறை, ஷூ.
நான்காவது கால் பங்கு: டயர், பிரேக், லைசென்ஸ், நுழைவுக் கட்டணம், காரை ஏற்றிச் செல்லும் வண்டி வாடகை.

உதாரணத்துக்கு, 4 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், 1 லட்சத்துக்கு மேல் போகும் காரைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். "4 லட்சத்துக்கு நல்ல ஸ்விஃப்ட் கிடைக்குதே" என்று மனசு சொல்லும். அந்த ஸ்விஃப்ட் உங்களை ஸ்டார்ட் லைன் வரைகூடக் கொண்டுபோகாது.

ஹெல்மெட்டில் ஒரு எச்சரிக்கை. பைக் ஹெல்மெட்டும் கார் ரேஸ் ஹெல்மெட்டும் ஒன்றில்லை. கார் ரேஸ் ஹெல்மெட் தீயையும் தாங்க வேண்டும், ரோல் கேஜ் கம்பியில் இடிப்பதையும் தாங்க வேண்டும். எஃப்ஐஏ 8859 அல்லது ஸ்னெல் எஸ்ஏ முத்திரை உள்ளதா என்று பாருங்கள். சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. பழசாக வாங்கினால் அந்த லேபிளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ரோல் கேஜ்: திருச்சிக்காரர்களுக்குக் கையில் உள்ள பலம்

கார் உருண்டால் கூரை நசுங்காமல் காப்பது ரோல் கேஜ். உள்ளே எலும்புக்கூடு போல நிற்கும் குழாய் அமைப்பு இது.

குழாய் வெல்டிங் என்றால் திருச்சிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாய்லர் செய்யும் பெல் ஆலையும், துவாக்குடி சுற்று வட்டாரத்தில் அதை நம்பி வளர்ந்த பட்டறைகளும் இங்கேதான் இருக்கின்றன. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975-ல் ஒரு நிறுவனம் பெல் வளாகத்தில் தொடங்கப்பட்டது. உயர் அழுத்தக் குழாயை ஒட்டிப் பழகிய கைகள் உள்ள ஊர் இது.

ஆனால் நல்ல வெல்டர் மட்டும் போதாது. சர்வதேச விதியின்படி, முக்கிய வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள, குளிர் நிலையில் இழுத்துச் செய்த சீம்லெஸ் கார்பன் ஸ்டீல் குழாய் வேண்டும். கேட்டுக்கும் கொட்டகைக்கும் போடும் மூட்டுள்ள குழாய் வேண்டவே வேண்டாம். அடிபடும்போது மூட்டு பிளந்து, காப்பாற்ற வேண்டிய கம்பியே குத்திவிடும். குழாய் எந்த இடத்தில் வளைய வேண்டும், தரையில் எத்தனை இடத்தில் பிளேட் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் வரைபடம் இருக்கிறது. வரைபடத்தையும் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். "நான் பாத்து அடிச்சுத் தரேன் தம்பி" என்பதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

பழைய கார் பார்க்கும்போது எதைத் தட்டிப் பார்க்கணும்?

பெயிண்ட்டைப் பார்க்காதீர்கள், அடிப்பக்கத்தைப் பாருங்கள். கதவுக்குக் கீழே உள்ள பட்டி, முன்பக்க சஸ்பென்ஷன் பொருத்திய இடம், ஸ்டெப்னி வைக்கும் குழி, இந்த மூன்றிலும் துரு இருந்தால் விட்டுவிடுங்கள். துருப்பிடித்த தகட்டில் ரோல் கேஜைப் பற்ற வைத்தால் பிடிக்காது.

சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பது நினைவிருக்கட்டும்.

நேர் சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டுப் பாருங்கள், ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. நான்கு டயரின் தேய்மானமும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இன்ஜின் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம், சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத மாருதி பாகம் அபூர்வம். ஆனால் வளைந்த பாடியை நேராக்குவது சாமானியமில்லை.

ஆர்சி-யில் கவனிக்க வேண்டியவை

டிஎன் 45, டிஎன் 48, டிஎன் 81 என்று எந்த எண்ணாக இருந்தாலும், காரில் பொறித்த சேஸிஸ் எண்ணும் ஆர்சி-யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லோன் இருந்தால் அது அடைந்து, ஆர்சி-யில் ஹெச்பி நீக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள். நிலுவை சலான் இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் பார்க்கலாம்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. 20 வயது தாண்டிய வண்டிகளுக்கு அதைவிடக் கூடுதல். பசுமை வரி தனி. 'மலிவான' ஜென் வாங்கும்போது இந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

முக்கியமான இன்னொன்று. ரோல் கேஜ் மாட்டி, பின்சீட்டைக் கழற்றி, சைலன்சரை மாற்றிய கார், கம்பெனி விற்றபடி இருக்கும் கார் இல்லை. அதைப் பொதுச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவோடு மோதும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்க 182ஏ பிரிவில் இடமுண்டு. ஆகவே ரேஸ் காராக மாற்றியபின் அது ட்ரக்கில் ஏறித்தான் பயணம் செய்ய வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ தினசரி காரை நிறுத்தவே இடம் தேட வேண்டும். ஓடாத ஒரு காரை எங்கே வைப்பது? திருவிழா நாளில் ட்ரக் எப்படி உள்ளே வரும்? வாங்குவதற்கு முன்பே ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

முதல் வருஷம் என்ன செய்யலாம்?

1. கார் வாங்கும் முன் ஒரு போட்டிக்கு மார்ஷலாகவோ உதவியாளராகவோ போங்கள். கொடி காட்டும் இடத்தில் நின்று பார்த்தால் எந்த கார் வளைவில் என்ன செய்கிறது என்று புரியும். காசு செலவில்லாத பாடம்.

2. இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் போட்டி லைசென்ஸ் எடுங்கள். உங்கள் டிரைவிங் லைசென்ஸ் இதற்கு மாற்று இல்லை.

3. அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு கார் தேடுங்கள். 1,400 சிசி வரை, 1,650 சிசி வரை என்று பிரிவுகள் பிரிப்பது தேசிய ராலியில் வழக்கம். பிரிவுக்கு ஒத்துவராத கார் வாங்கினால் உங்களை விடப் பெரிய கார்களோடு மோத வேண்டி வரும்.

4. முதலில் ஆட்டோகிராஸ் அல்லது ட்ராக் பயிற்சி. மூடிய மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டுவது ஆட்டோகிராஸ். தப்பு செய்தால் கூம்புதான் விழும். மலையில் தப்பு செய்தால் பள்ளம்.

5. அதன்பிறகுதான் ரோல் கேஜ், அதன்பிறகுதான் ராலியும் மலையும். இன்ஜினைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

என்.ஐ.டி. திருச்சி உள்ளிட்ட பொறியியல் கல்லூரிகளில் மாணவர்களே ரேஸ் கார் கட்டும் அணிகள் இருக்கின்றன. அந்த அணிகள் மோதும் ஃபார்முலா பாரத் போட்டி கோவை கரி ட்ராக்கில் நடப்பது வழக்கம். படித்துக்கொண்டிருப்பவர்கள் சொந்தக் கார் வாங்கும் முன் அங்கே கைவைத்துப் பழகலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: லேசான பெட்ரோல் கார், துருப்பிடிக்காத பாடி, ஊரெல்லாம் கிடைக்கும் பாகம், கையில் உள்ள பணத்தில் கால் பங்குக்கு மேல் போகாத விலை. பட்ஜெட் இறுக்கம் என்றால் எஸ்டீம் அல்லது ஆல்டோ கே10. கொஞ்சம் தாராளம் என்றால் பெட்ரோல் ஸ்விஃப்ட். ஓட்டப் பழகவே இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் மாருதி 800.

கொல்லிமலைக்குப் போக ஆசையாக இருந்தால் வீட்டு காரில் குடும்பத்தோடு போய், ஆகாய கங்கையைப் பார்த்துவிட்டு, ஹாரன் அடித்து, எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு இறங்கி வாருங்கள். அங்கே நேரம் பார்க்க வேண்டாம்.